கை நனைக்கும் முன்

1

திருப்பதியைப் போய் அசலூர் என்று சொல்கிறாளே என்று அரக்கோணத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். காலையில் ரயிலேறி, மலைக்குப் போய், மொட்டை போட்டுக்கொண்டு, லட்டும் கையுமாக அன்றைக்கே வீடு திரும்புகிற தூரம்தான். சாமி பார்க்க வருகிறவர்களுக்கு அது பக்கம். வேலைக்கு வந்து இங்கேயே படுத்து எழுந்தவளுக்கு அது எவ்வளவு தூரம் என்பதை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் வந்த நாள் ஆடிக் கிருத்திகை. ரயில் முழுக்கக் காவடிக்காரர்கள். மஞ்சள் துணியும் பூவும் வேர்வையுமாகக் கால் வைக்க இடமில்லை. திருத்தணி வந்ததும் மொத்தப் பெட்டியும் இறங்கிப் போய்விட்டது. தரையில் மிதிபட்ட சாமந்திப்பூ மட்டும் கிடந்தது. அந்தப் பெரிய பெட்டியில் நானும், நகரியில் இறங்க வேண்டிய ஒரு குடும்பமும்தான் மிச்சம். என் வயதில் ஒரு பொம்பளை எல்லாரும் இறங்குகிற இடத்தில் இறங்காமல் எங்கே போகிறாள் என்று கேட்பது போல அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வருஷம் அதே ஆடிக் கிருத்திகையன்று காலையில் ஒரு போன் வந்தது. சித்தூரில் ஒரு வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார்கள். கேட்டவர் லண்டனில் இருக்கிறார். நான் அவரைப் பார்த்ததில்லை. மறுநாள் காலைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

இதற்கு முன்பும் ஒரு தடவை முகம் பார்க்காமல்தான் ஒரு வேலைக்குச் சரி என்றேன். அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

என் அம்மா கல்யாணச் சமையலுக்குப் போகிறவள். வேலை பேச யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுக்கே நேரில் போவாள். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். அடுப்பு போடுகிற இடம் எது, தண்ணீர் எங்கிருந்து வரும், வீட்டு அம்மாள் எப்படிப் பேசுகிறாள் என்று எல்லாம் பார்ப்பாள். அதற்குள் வீட்டுக்காரர்கள் மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். வாயில் வைக்க மாட்டாள். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் ஆகும்வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள் அல்லவா, அதே மாதிரிதான் இதுவும். வேலை பிடிக்கவில்லை என்றால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் ஜுரம் வந்தாலும் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த்தான் தீருவாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். அரக்கோணத்தில் எத்தனையோ வீடுகளில் சமைத்திருக்கிறேன். எல்லாம் முகம் பார்த்து, டம்ளரைப் பக்கத்தில் வைத்துப் பேசிய வேலைகள்தான். எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் எதிரில் பேச வராது. வேண்டாம் என்று சொல்ல அந்த டம்ளர்தான் எனக்கு வாயாக இருந்தது.

திருப்பதி வேலை போனில் வந்தது. பேசியது ஒரு மேடம். அமெரிக்காவில் இருக்கிறார். அவருடைய அம்மா சித்தூர்க்காரர், பிறந்த வீட்டில் தமிழ்தான் பேச்சு. தெலுங்குக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, காலமெல்லாம் தெலுங்கிலேயே பேசி, அதிலேயே பிள்ளையையும் வளர்த்தவர். பக்கவாதம் வந்தபின் தெலுங்கு மொத்தமும் மறந்துபோய்விட்டது. வாயில் வருவது தமிழ் மட்டும்தான். மேடத்துக்கோ தமிழ் அரைகுறை. அதனால் தமிழ் தெரிந்த பொம்பளையாகத் தேடினார்கள். ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்க வேண்டும், கூட இருந்து பேச்சுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அவர் வேறு என்னென்னவோ சொன்னார். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. கேட்க வரவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம், பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த அடுக்குமாடி வீட்டைக் கண்டுபிடித்து ஏறும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கதவைத் திறந்தது எனக்கு முன்னால் அங்கே வேலையில் இருந்த பொம்பளை, நாராயணவனத்துக்காரி. வாசல் ஓரத்தில் அவளுடைய பை தயாராகக் கட்டி வைத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு பொட்டலம். மேடம் அமெரிக்காவிலிருந்தே எனக்காகப் போனில் சொல்லி ஓட்டலிலிருந்து வரவழைத்திருந்தாராம்.

"ரயில்ல ஒண்ணும் துன்னல போலக்குது. மொதல்ல துன்னு," என்றாள். "பெரியம்மா தூங்கிக்கினு கீறாங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

காலையிலிருந்து வெறும் வயிறு. பேசுகிறவர் யாரும் எதிரில் இல்லை, மோர் டம்ளரும் இல்லை. இது அந்தக் கணக்கில் வராது என்று நினைத்துவிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவித் திரும்பும்போது வாசலில் பை இல்லை, அவளும் இல்லை. லிஃப்ட் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்தான் உள் அறைக் கதவைத் திறந்தேன். பெரியம்மா தூங்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோய், முதுகில் படுக்கைப் புண்ணோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். துணி நனைந்து எவ்வளவு நேரமோ. தூக்கிப் புரட்ட ஒரு திடமான ஆள் வேண்டும். நானே மூட்டு வலிக்காரி.

திரும்பிப் போய்விடலாம் என்று அப்போது தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் அந்த வீட்டுச் சாப்பாட்டு வாசனை இன்னும் இருந்தது. மேடம் அதை ஒரு உபசாரமாகத்தான் அனுப்பியிருப்பார். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் கை நனைத்துவிட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெந்நீர் போடப் போனேன்.

3

வந்த மறுநாள் பெரியம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து தெலுங்கில் ஒரு குரல், தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னது. கிண்ணத்தைத் தவறவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மூலையில் முட்டை மாதிரி ஒரு கேமரா. கூடத்திலும் ஒன்று இருந்தது.

மேடம் தினமும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. போனில் படம் வரும்போதுகூட பெரியம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றுவிடுவேன். எட்டிப் பார்க்கக் கூச்சம். கெட்ட குணம் கிடையாது அவருக்கு. குரலை உயர்த்தியதே இல்லை. ஆனால் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபின் எனக்கு வாயில் சோறு இறங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பிறத்தியார் எதிரில் சாப்பிட மாட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன்.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். "வெள்ளி போட்டும். சனிக்கெழம சித்தூரு போலாமா?"

சந்தப்பேட்டையில் அவருடைய பிறந்த வீடு இருந்ததாம். அதை விற்று, இடித்து, கடை கட்டியாகிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மேடம் எனக்குச் சொல்லியிருந்தார். போலாங்க பெரியம்மா என்பேன். சனிக்கிழமை வரும், போகும். அவருக்குக் கிழமை நினைவில்லாதது எனக்கு உதவியாக இருந்தது.

போனில் அம்மாவும் மகளும் பேசும்போது நடுவில் நான்தான். அவர் தமிழில் சொல்வதை என் உடைந்த தெலுங்கில் மகளுக்குச் சொல்ல வேண்டும். ஒருநாள் பெரியம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "யாரு இவ? தெனம் வந்து அழுதுகினு போறா," என்றார். அம்மா ஏமண்டோந்தி, என்ன சொல்கிறார் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார் மேடம். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றேன். மேடம் உடனே, சாப்பிட்டேன் என்று சொல்லு, சாப்பிட்டேன் என்று சொல்லு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தக் கட்டடத்தில் எனக்குப் பேச்சுத்துணை வாட்ச்மேன் முனிரத்தினம் ஒருவர்தான். நகரிக்காரர். அங்கே பவர்லூம் ஓட்டியவர், காது மந்தமானதால் இங்கே வந்து கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். பால் வாங்க நான் கீழே போகும்போதெல்லாம் கிண்டல் செய்வார். எனக்குக் காது கேட்காது, உனக்கு வாய் வராது, நம்ம ரெண்டு பேரையும் நம்பித்தான் இந்தக் கட்டடமே நிக்குது என்பார். அதற்கும் நான் சிரித்துவிட்டுப் படியேறிவிடுவேன்.

4

வந்த புதிதில் மாதம் ஒருமுறை ஊருக்குப் போனேன். பெரியம்மாவை முனிரத்தினத்தின் சம்சாரம் அந்த ஒருநாள் பார்த்துக்கொள்வாள். பிறகு பெரியம்மாவுக்கு முடியாமல் போகப் போக, அதுவும் நின்றது.

ஒரு தடவை போனபோது, முதியோர் பணம் வங்கியில் ஏறவில்லை என்று தாலுகா ஆபீஸுக்கு விசாரிக்கப் போனேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நேரில் சரிபார்க்க வந்தபோது ஆள் இல்லை, ஊரைவிட்டுப் போய்விட்டதாக எழுதியிருக்கிறது என்றார். நான் எதிரில்தான் நிற்கிறேன். இதோ இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. திருப்பதியில் வார்டு சச்சிவாலயம் என்கிற சர்க்கார் ஆபீஸில் கேட்டுப் பார் என்று முனிரத்தினம் அனுப்பினார். அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஆதார் தமிழ்நாட்டில் இருக்கிறது அம்மா, இங்கே உங்களுக்கு ஒன்றும் வராது என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள். இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை.

ரேஷன் கார்டிலிருந்தும் என் பெயர் போய்விட்டது என்பதை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ரேகை வைக்க நான் வராததால் பெயரை எடுக்கும்படி ஆகிவிட்டது என்றாள் என் மகள் கோமதி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மட்டும் நீ வரப்போகிறாயா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

நான் படுக்கிற இடத்தில் பேரனுக்கு மேஜை போட்டிருந்தார்கள். அவன் நல்ல பிள்ளை. ஆயா, நீ கட்டிலில் படு, நான் கீழே படிக்கிறேன் என்றான். அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டேன். இருந்துவிட்டுப் போ என்று ஒருமுறை சொன்னார்கள். இன்னொருமுறை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.

5

இந்தச் சித்திரையில் பெரியம்மா போய்விட்டார். சனிக்கிழமை காலை. அதற்கு முதல்நாள்கூடச் சித்தூரைக் கேட்டார்.

மேடம் வந்துசேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அவர் லிஃப்டிலிருந்து இறங்கி வரும்போது நான் வாசலில் நின்றேன். குரலால் மட்டுமே தெரிந்த மனுஷி. இவ்வளவு குள்ளமாக, தலை நரைத்து, என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார் என்று நினைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மீரு அம்மக்கி ஏமவுதாரு என்றார். அம்மாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்கிறார்.

மேடத்தின் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த முனிரத்தினம்தான், மேடம், இவங்கதான் அவங்க என்றார்.

மேடம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். மேலேயிருந்து பார்த்துப் பார்த்து உங்கள் தலை வகிடு மட்டும்தான் எனக்குத் தெரியும் அம்மா என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷம் தினமும் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

காரியம் முடிந்து அவர் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு வேலை விஷயமாக அமெரிக்கா திரும்பினார். வீட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, ஆடி முடிந்ததும் புதியவர்கள் குடிவந்துவிடுவார்கள், அதுவரை நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்தார். கேமராக்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதில் அம்மா இருக்கிறார் என்றார். புறப்படும்போது, என் சிநேகிதர் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களைக் கைவிட மாட்டேன் என்றார். அவர் சொன்ன சிநேகிதர்தான் ஆடிக் கிருத்திகையன்று போன் செய்த லண்டன்காரர். கிரண் என்று பெயர்.

6

அவர் தமிழ் நன்றாகவே பேசினார். சித்தூரில் அப்பா தனியாக இருக்கிறார், சொந்த வீடு, எல்லா வசதியும் உண்டு என்றார். மேடம் எனக்கு வீடியோவெல்லாம் அனுப்பியிருந்தாங்க, நீங்க அந்தம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறதைப் பார்த்தேன், உங்களை மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் வேறு என்னவெல்லாம் இருந்திருக்குமோ என்று உடம்பு கூசியது.

கேட்க வேண்டியதெல்லாம் மனசில் வரிசையாக நின்றது. அப்பா நடப்பாரா? முன்னால் இருந்தவள் ஏன் போனாள்? நான் படுக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? கஷ்டப்பட்டு ஒன்றைத்தான் கேட்டேன்.

"அப்பா பேசுவாருங்களா?"

"நல்லா பேசுவாரும்மா. கொஞ்சம் கோவம் வரும், அவ்ளோதான். நாளைக்குக் காலைல சொல்லிடுங்க. இல்லன்னா ஏஜென்சிலேருந்து வேற ஆளப் போட்டுடுவாங்க."

முனிரத்தினத்தின் தங்கையைச் சித்தூரில்தான் கொடுத்திருக்கிறது. அவர் அந்த வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டு மத்தியானம் படியேறி மேலேயே வந்தார். வழக்கமாக அவர் மேலே வருகிறவர் இல்லை.

"யம்மா, அந்த ஊட்டுக்கு நீ போவாத," என்றார். "பெரிய மனுஷன் கைய நீட்றாராம். போன பொம்பளைக்கு இங்க, காதாண்ட, வீங்கிக்கினு இருந்துச்சாம். அவளுக்கு முன்ன இருந்தவ சொல்லாமகொள்ளாம ஓடிட்டாளாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் பொண்ணாண்டயாவது ஒரு தபா வாயத் தொறந்து கேளேன். உனுக்கும் சேத்து நானேவா கேக்க முடியும்? எனக்குப் பதிலு காதுல விழாது."

சிரிப்புக் காட்டத்தான் சொன்னார். அவர் முகத்திலேயே சிரிப்பு இல்லை.

கோமதிக்குப் போன் செய்தேன். அவர்கள் திருத்தணியில் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். மேளமும் அரோகரா சத்தமுமாக இருந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக நேராகக் கேட்டேன். நான் அங்கேயே வந்துவிடட்டுமா என்று. சித்தூர் வேலையைச் சொன்னேன், அடிக்கிறவர் வீடு என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லி வரச் சொல்ல வைத்தால் அது கூப்பிட்டது ஆகாது.

அவள் பக்கத்தில் மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது.

"யம்மா, நான் இன்னா வேணான்னா சொல்றேன். அவரு அம்மா வந்துகீறாங்க. புள்ள டென்த்து. கொஞ்ச நாள் போவட்டும்மா." பிறகு, "அங்க உனுக்கு ஒரு ரூமாவது கீதே," என்றாள்.

சரிம்மா, பார்த்துப் படியேறு என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள்மேல் குற்றமில்லை. அந்த வீட்டில் கால் நீட்ட இடமில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டேனே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. டெலிவரிக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். நான் எதுவும் சொல்லவில்லையே என்றேன். லண்டனிலிருந்து ஆர்டர், பணமெல்லாம் கட்டியாகிவிட்டது என்று சொல்லி, கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் பொட்டலத்தோடு என்னைப் போனில் ஒருமுறை படம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சமையலறை மேடையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். நெய் வாசனை வந்தது. பொங்கல். எங்கள் அம்மாவாக இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போயிருப்பாள். போவதற்கு அவளுக்கு அடுத்த வீடு இருந்தது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். போக வேண்டாம் என்றவர் கையிலேயே அதைக் கொடுப்பதா என்று விட்டுவிட்டேன். பால்கனியில் போய் நின்றேன். மலையில் விளக்குகள் வர ஆரம்பித்திருந்தன. பெரியம்மா கேட்டுக் கேட்டுப் போகாத ஊருக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு நான் சொன்ன அத்தனை சனிக்கிழமையும் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்ததோ என்னவோ.

போன் அடித்தது. கிரண்தான்.

"பார்சல் வந்துடுச்சாம்மா? சாப்ட்டீங்களா?"

நம் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். அவரும் அப்படித்தான் கேட்டார். வேறு எதுவும் அவர் மனசில் இருந்திருக்காது. சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சாப்டப் போறேங்க," என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஆறிப்போய் இறுகியிருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து கீழே உட்கார்ந்தேன். செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக் கையை நனைத்தேன். முதல்தடவை பசியில் தெரியாமல் நனைத்த கை. இப்போது பசியும் இல்லை, எல்லாம் தெரியும். முதல் வாய் இறங்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. சாமான் எல்லாம் எடுத்துவிட்ட கூடத்தில், பழைய பழக்கத்தை மறந்து, மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இப்போது கேமரா இல்லை. அதைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான்.

தட்டைத் தூக்கிக்கொண்டு, அதற்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.